அரைக் காசு எங்கே போனது?

மார்சிலிங் மளிகைக் கடையில் கிலோ 5.35 வெள்ளிப் பருப்பில் அரைக் கிலோ வாங்குகிறோம். கணக்கு 2.675 வெள்ளி. இதைப் பைதானில் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 2.68 வராது; 2.67தான் வரும். கணினி இரும எண்ணில் சேமிப்பதால், உள்ளே இருப்பது 2.675ஐவிட மயிரிழை குறைவு.

மயிரிழைதானே என்கிறீர்களா? 2002 முதல் இங்கே ஒரு காசு நாணயம் வெளியிடப்படுவதில்லை. ரொக்கத்தை அருகிலுள்ள 5 காசுக்கு முழுமையாக்கும் கடையில் 2.68 என்பது 2.70 ஆகும், 2.67 என்பது 2.65 ஆகும். கடைக்காரருக்கு ஐந்து காசு நட்டம்! (2.70ஐயும் 2.7 என்றே திரையில் காட்டும். இரண்டு இடம் வேண்டுமென்று தனியே சொல்ல வேண்டும்.)

விலையைக் காசாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வைத்தால் அந்த அரைக் காசு தொலையாது. அதை ஏற்றுவதா, இறக்குவதா என்பதைக் கடைக்காரரே முடிவு செய்யலாம்.