நாரையின் கால்

மாலை ஆறு மணியானால் புதுச்சேரி லாஸ்பேட்டைத் தெருக்களில் டியூஷன் வீட்டு வாசல்களைச் சைக்கிள்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். லா என்ற பிரெஞ்சு கவர்னரின் பெயரால் வந்த பேட்டை என்பார்கள். இன்று படிப்புக்கான பேட்டை. 1961-இல் வந்த தாகூர் கலைக் கல்லூரி, 1989-இல் வந்த காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையம், மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம், பாலிடெக்னிக்குகள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்.

எதிர்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். ஒருநாள் 'நயம் பாராட்டுக' வினாவுக்கான விடையை என்னிடம் ஒப்பித்தாள். மதுரைக்கு வைகை எப்படியோ செய்யுளுக்கு எதுகை அப்படி என்று தொடங்கி, மோனை, இயைபு, அணி என்று தடங்கலில்லாமல் போனது. எந்தப் பாட்டு என்று கேட்டேன். எந்தப் பாட்டு வந்தாலும் இதுதானாம். நோட்டில் நாலைந்து இடங்களில் கோடு போட்டு வைத்திருந்தாள். பரீட்சையில் வரும் பாட்டிலிருந்து சொற்களை எடுத்து அந்தக் கோடுகளில் நிரப்ப வேண்டியதுதான் பாக்கி.

"பாட்டுல என்னம்மா நடக்குது?"

"அதுக்கு மார்க் இல்லீங்க ஆன்ட்டி."

அவள் மேல் தப்பில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அங்கேயும் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் பெருகிவிட்டன. பாட்டுக்குள் போகாமலே பாட்டைப் பற்றி எழுதலாம் என்பதை மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

எனக்குப் பாடம் சொன்ன தமிழய்யா ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். முதல் நாள் நெட்டுரு. மறுநாள் பதம் பிரிப்பது. அப்புறம் சொற்களை இடம் மாற்றிக் கொண்டுகூட்டுவது. அதன்பிறகு பதவுரை. இத்தனையும் முடிந்தபின்தான் அவருடைய கேள்விகள் வரும்: யார் பேசுவது? யாரிடம்? எந்த வேளையில்? ஏன் இந்தச் சொல்?

குறுந்தொகையில் கபிலர் பாடல் ஒன்று, 25-ஆவது. கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு, நாரை ஒன்றும் இருந்தது என்கிறாள். ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற நாரை. தினைத்தாள் போலச் சிறிய, பசிய கால். பாட்டு அவ்வளவுதான். ஐயா கேட்டார்: "சாட்சிக்கு ஆள் இல்லேன்னு சொல்ற பொண்ணுக்கு நாரையோட கால் எதுக்கு?" மூன்று நாள் யாருக்கும் பதில் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. நாலாவது நாள் பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "வெக்கத்துல அவ தலை குனிஞ்சிருந்தா ஐயா, கால்தான் தெரிஞ்சிருக்கும்" என்றான். ஐயா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். இன்றும் அது என் கண்ணில் நிற்கிறது.

அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பாடம் கேட்பது எப்படி என்று நன்னூல் பாயிரத்திலேயே பவணந்தி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் சேரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சா. கேட்ட பாடம் இந்த வழியில் வந்தது. பிள்ளையவர்களின் மாணாக்கரில் நம் புதுவைச் சவராயலு நாயகரும் உண்டு. பாரதிதாசனும் புதுவைப் புலவர்களிடம் இலக்கணம் கேட்டுத்தான், 1909-இல் காரைக்கால் பக்கத்து நிரவியில் தமிழாசிரியராகப் போய்ச் சேர்ந்தார். ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு வரிவரியாக விளக்கும் வழக்கம் பிரெஞ்சுப் பள்ளிகளிலும் இருந்தது. இரண்டும் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் நடந்தன என்பது எனக்கு எப்போதும் பெருமை.

இப்படிப் பாடம் நடந்த திண்ணையில் உட்கார எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். என் பாட்டிக்குக் கிடைக்கவில்லை. நூற்றுக்கணக்கில் பாட்டு தெரிந்தவள், ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தாள். இன்று கல்லூரிச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும் பெண்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே வந்தவர்களுக்குக் கோடு போட்ட நோட்டைக் கொடுத்து அனுப்புகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

பழைய வழி அடியோடு அற்றுப்போகவில்லை. தூமா வீதியில் இருக்கும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியில் பண்டிதர் தி.வே. கோபாலையர் பாடம் சொன்னார். 1984-இல் வெளிவரத் தொடங்கிய தேவாரப் பதிப்பு அவர் உழைப்பு. 2007-இல் அவர் காலமாகும்வரை, சங்க இலக்கியம் படிக்க ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அவர் முன்னால் உட்கார்ந்து பதம் பிரித்தார்கள், உரை கேட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஏவா வில்டன் அப்படிக் கேட்டவர். பின்னாளில் அவரே இங்கு சங்கப் பாடல்களை வரிவரியாக வாசிக்கும் வகுப்புகளை நடத்தினார். லாஸ்பேட்டையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அந்த நாரைப் பாட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மார்க் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பதம் பிரித்தோம். ஐயா கேட்ட கேள்வியையே கேட்டேன். பின் பெஞ்சுப் பையனின் பதிலைச் சொல்லவில்லை.

பென்சிலைக் கடித்தபடி யோசித்தாள். "போலீஸ் ஸ்டேஷன்ல அடையாளம் கேப்பாங்க இல்ல, அந்த மாதிரி ஆன்ட்டி. அவளை யாரும் நம்ப மாட்டாங்க. அதான் கால் என்ன கலர்னு வரைக்கும் சொல்றா. நான் அங்க இருந்தேன்னு சொல்றா."

நாற்பது வருஷமாக அந்தப் பாட்டு என்னோடு இருக்கிறது. இப்படி எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் அவள் வந்தபோது கூடவே ஒரு தோழி. நான் அடுப்படியில் இருந்தேன். தாளைத் தரையில் விரித்துப்போட்டு, "மொதல்ல சொல்லைப் பிரி. அப்புறம் யாரு யார்கிட்ட பேசறாங்கன்னு பாரு" என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.