வண்ண மீனுக்கு எத்தனை சட்டம்?

சேத்தியாத்தோப்பில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து கப்பி, மோலி, தங்கமீன் வளர்த்தால் எந்த அதிகாரியும் வந்து கேட்கப்போவதில்லை. உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம். அதே தொட்டியில் நீந்துவது ஆசிய அரவானா என்றால் வனத்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வாஸ்து மீன் என்ற பெயரில் வசதியான வீடுகளுக்குள் நுழைந்த இந்த மீன், அழியும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மத்திய அரசு விதி வகுத்து, ஆறு மாத அவகாசமும் கொடுத்தது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வெள்ளி அரவானாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கடல் குதிரையோ 2001 முதலே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது. ஆசைக்குக்கூட வைத்துக்கொள்ள முடியாது.

இவை எதற்கும் தெருவில் சத்தம் எழவில்லை. சத்தம் எழுந்தது 2017இல்.

அந்த ஆண்டு மே 23 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மீன் தொட்டிகளுக்கும் வண்ண மீன் கடைகளுக்கும் விதிகளை வெளியிட்டது. அதே நாளில் வந்த மாட்டுச் சந்தை விதிகளே தலைப்புச் செய்தியாயின; ஒரே வாரத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடையும் விதித்தது. மீன் விதிகளைக் கூர்ந்து படித்தவர்கள் கொளத்தூர்க்காரர்கள். சென்னையின் கொளத்தூர் நாட்டின் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்று. சுற்றுவட்டாரத்தில் வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் மீன் குஞ்சு பொரித்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

கோமாளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன் உள்பட 158 இனங்கள் தடைப் பட்டியலில் இருந்தன. கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது. மீன்களைக் கவனிக்கத் தகுதி பெற்ற நிபுணர் வேண்டும். கிண்ணத் தடை அப்படியொன்றும் விசித்திரமல்ல, ரோம் நகரம் 2005லேயே அதைச் செய்தது. ஆனால் பத்துத் தொட்டி வைத்திருக்கும் குடும்பம் நிபுணருக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிட்டது. எதிர்ப்பு வலுக்கவே சில மாதங்களில் விதிகள் திரும்பப் பெறப்பட்டன. சயனைடு தெளித்தும் வெடி வைத்தும் பிடித்த மீனை விற்கக் கூடாது, சாயம் ஏற்றிய மீனைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்ற நியாயமான பிரிவுகளும் அவற்றோடு போயின.

அந்த விதிகளின் அக்கறை தொட்டிக்குள் மீன் படும் பாட்டோடு நின்றது. தொட்டியை விட்டு வெளியேறும் மீனைப் பற்றி அவை யோசிக்கவில்லை. வம்பே அங்கேதான்.

'டேங்க் கிளீனர்' என்று மலிவாக விற்கப்படும் சக்கர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. விரல் நீளத்தில் வாங்குவது ஒன்றரை அடிக்கு வளரும். தொட்டி போதாமல் போனதும், கொல்ல மனமில்லாதவர் வாளியோடு குளத்துக்குப் போகிறார். அங்கே அது கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். கவசம் போன்ற செதிலும் முள்ளும் வலையைக் கிழிக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் சுமார் 60 சதவீதத்தில் இது பரவிவிட்டதாக ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது. வேண்டுமென்று விடாமலே தப்புவதும் உண்டு: 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அமேசானின் அரபைமா சிக்கியது.

சேத்தியாத்தோப்புக்கு இது அடுத்த ஊர்க் கதையல்ல. வீராணம் ஏரி பக்கத்தில். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீர் அங்கே தேங்கி, பாசனத்துக்கும் சென்னையின் குடிநீருக்கும் போகிறது. உபரி, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு வழியாக வெள்ளாற்றில் இறங்குகிறது. இந்தத் தொடரில் எங்கே ஒரு வாளி கவிழ்ந்தாலும் மீனுக்குப் பாதை திறந்திருக்கிறது. மண் கரையை நம்பிய ஏரிக்கு வளை தோண்டும் மீன் நல்ல விருந்தாளி இல்லை.

ஆகவே கிண்ணத்தின் வடிவத்தில் அரசு தலையிடுவதைவிட, மீன் எவ்வளவு வளரும் என்று விற்கும்போதே எழுதித் தரச் சொல்வதும், வளர்க்க முடியாததைக் கடைக்காரர் திரும்ப எடுக்க வேண்டும் என்பதும் பயன் தரும். பல கடைகளில் கேட்டால் இப்போதே எடுத்துக்கொள்வார்கள், கேட்பவர்தான் குறைவு.