முளைக்காத விதை செத்த விதையா?

பூண்டுலோயாப் பக்கத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கீரைப்பாத்தி போடுகிற வீடுகள் நிறைய. விதை தூவி ஒரு கிழமை ஆகியும் பாத்தி வெறுமையாகக் கிடந்தால், "விதை சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் உயிருள்ள விதையும் முளைக்காமல் இருக்கும். அது எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்காக என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

தண்டுக்கீரை காத்திருப்பது சூட்டுக்காக. விதை தண்ணீரை உறிஞ்சி ஊதியதும் உள்ளே நொதியங்கள் வேலையைத் தொடங்குகின்றன. தோலைக் கிழித்துக்கொண்டு முதலில் வருவது வேர். சேமித்து வைத்த மாப்பொருளை நொதியங்கள் சீனியாக்கிக் கொடுக்க, நாற்று நிமிர்கிறது. இந்த நொதியங்கள் குளிரில் மந்தமாகிவிடும். 25 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருந்தால் தண்டுக்கீரை சில நாட்களிலேயே முளைவிடும். ஜனவரி மாத மலைக்குளிரில் இழுத்துக்கொண்டே போகும்.

ஆழமும் முக்கியம். ஒரு கிராம் எடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தண்டுக்கீரை விதைகள் இருக்கும். அவ்வளவு சின்ன விதையிடம் கட்டுச்சோறும் கொஞ்சம்தான். ஆழப் புதைத்தால் மேலே வருவதற்குள் தீர்ந்துவிடும். அதனால்தான் மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லியதாக மண் போடுகிறார்கள்.

மணத்தக்காளியின் கதை வேறு. அதன் பழச்சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. விதை பழத்துக்குள்ளேயே முளைத்துவிடக் கூடாதல்லவா? நன்றாகக் கறுத்த பழங்களைப் பிசைந்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். சதையும் சொத்தை விதைகளும் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். பலமுறை அலசி நிழலில் காயவையுங்கள். தேயிலையை விதையிலிருந்து வளர்த்த காலத்தில், நாற்றுமேடைக்கு விதை பொறுக்கியதும் இப்படித்தான்: மிதந்ததை ஒதுக்கி, அமிழ்ந்ததை எடுத்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. கீரை விதை காய்ந்தால் நெடுநாள் இருக்கும். தேயிலை விதையோ காய்ந்தால் செத்துவிடும்.

மூன்றாவது, வேளைக்கீரை. ஒரு காம்பில் பெரும்பாலும் ஐந்து சிற்றிலைகள், வெள்ளைப் பூ. நம் நாட்டின் வறண்ட பகுதிகளில் இதைக் களையென்று பிடுங்கி எறிவார்கள். கென்யாவிலோ இது சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் கீரை. அந்த நாட்டுப் பேராசிரியர் மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ சிறுவயதில் பால், முட்டை, மீன் எதுவும் ஒத்துக்கொள்ளாமல், ஊர்க்கீரைகளைச் சாப்பிட்டு வளர்ந்தவர். பிறகு அந்தக் கீரைகளையே ஆராய்ந்து, அவற்றின் சத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னார்.

வேளைக்கீரையைப் பயிரிடுகிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. புதிதாக அறுத்த விதை பெரும்பாலும் முளைக்காது. சில மாதங்கள் உலர்வாக வைத்திருந்து விதைத்தால் நன்றாக முளைக்கும். வெளிச்சம் பட்டால் முளைப்பு குறையும், இருட்டில் கூடும். புது விதை இப்படி முளைக்காமல் காத்திருப்பதை விதை உறக்கம் என்கிறோம். முதல் மழைக்கே எல்லா விதைகளும் முளைத்து, அடுத்து வெயில் காய்ந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. வறண்ட நிலத்துச் செடிக்கு அந்த உறக்கம்தான் பாதுகாப்பு.

உறக்கத்தைக் காப்பது அப்சிசிக் அமிலம் என்ற பொருள். அதைக் கலைப்பது ஜிபரெல்லின். நெற்பயிரை அளவுக்கு மீறி நெட்டையாக வளரவைத்த ஒரு பூஞ்சையை, 1926 இல் ஜப்பானிய விஞ்ஞானி குரோசவா ஆராய்ந்தார். அந்தப் பூஞ்சை சுரக்கும் பொருளே இதற்குக் காரணம் என்று காட்டினார். ஜிபரெல்லின் நமக்குத் தெரியவந்தது அப்படித்தான். ஆய்வுகூடத்தில் அதில் ஊறவைத்து விதையை எழுப்பலாம். வீட்டில் அதெல்லாம் தேவையில்லை. பொறுமையாகச் சேமித்து வைத்தாலே போதும்.

இனி உங்கள் முறை. தண்டுக்கீரை விதையில் 50 எண்ணி, நனைத்துப் பிழிந்த துணியில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்புங்கள். துணியைச் சுருட்டி ஒரு பொலித்தீன் பைக்குள் வையுங்கள். இதே மாதிரி இன்னொரு சுருளும் செய்யுங்கள். ஒன்றைக் குசினியில், அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி, கதகதப்பான மூலையில் வையுங்கள். மற்றதை இஸ்தோப்பில் வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டு, தினமும் பிரித்து வேர் விட்டதை எண்ணிக் குறியுங்கள். ஒரு கிழமை கழித்து மொத்தத்தை இரண்டால் பெருக்கினால் முளைப்பு வீதம் வந்துவிடும். 50 இல் 40 முளைத்தால் 80 வீதம்.

இரண்டு சுருளிலும் நன்றாக முளைத்தால் பயமில்லாமல் விதைக்கலாம். குசினிச் சுருளில் மட்டும் முளைத்தால் விதையில் குறையில்லை, குளிர்தான் காரணம். நாற்றைக் கதகதப்பான இடத்தில் வளர்த்துப் பிறகு நடுங்கள். இரண்டிலும் முளைக்காவிட்டால்? விதை எப்போது அறுத்தது என்று வீட்டில் கேளுங்கள். புதியதென்றால் சில மாதம் வைத்துப் பாருங்கள். மிகப் பழையதென்றால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, இந்த முறை அறுத்த திகதியை உறையில் எழுதிச் சேமியுங்கள்.