ஆளும் வேலையும் – 11: பட்டை உரித்தவர்கள்

ஆளிடம் இல்லாததைத் தேடித் திருத்தும் மேலாளர், இருப்பதைப் பார்த்து வேலை கொடுக்கும் மேலாளர். சென்ற வாரம் அங்கே நின்றோம். இந்த வாரம் மூணாறு போய், 2005இல் தொழிலாளர்களே பங்குதாரர்களான கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியைப் பார்ப்பதாக ஏற்பாடு. குமுளியைத் தாண்ட முடியவில்லை. காரணம் வயணா மரம்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரிசிமாவும் வெல்லமும் தேங்காயும் பிசைந்து தெரளி இலையில் பொதிந்து அவித்தால் தெருவே மணக்குமே, அந்த இலையைத்தான் மலையாளத்தில் வயணா என்கிறார்கள். ஆற்றுகால் பொங்கலையிலும் இதே இலையில் தெரளியப்பம் உண்டு. இலவங்கப்பட்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இலையைப் பறித்தால் மரம் மறுபடி துளிர்க்கும். பட்டையைச் சுற்றிவர உரித்தால் பட்டுப்போகும். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் நடந்தது இரண்டாவது. நாள்கணக்கில் காட்டில் தங்கிப் பட்டை உரித்து, யானைக்கும் வனக்காவலருக்கும் ஒருசேர டிமிக்கி கொடுத்து, சுமையை வெளியே கொண்டுவந்து சேர்த்தது ஒரு கூட்டம்.

1996இல் உலக வங்கி உதவியோடு அங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வழக்குகளிலிருந்து விடுதலை கிடைத்தால் தொழிலை விட்டுவிடுகிறோம் என்று அந்தக் கூட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து நின்றார்கள். கறவை மாடோ தையல் மெஷினோ கொடுத்து ‘மறுவாழ்வு’ என்று போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாம். அரசாங்கத்துக்குக் கைவந்த கலை அது. அன்றைய வன அதிகாரிகள் அதைச் செய்யவில்லை. எந்த ஓடையை எங்கே கடக்கலாம், கடத்தல்காரன் எந்த வழியாக இறங்குவான் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரிந்த அளவு இலாகாவில் யாருக்குத் தெரியும்? 1998இல் ‘பெரியாறு டைகர் டிரெயில்’ பிறந்தது. துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவரோடு, இவர்கள் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்துக் கூட்டிவருவார்கள். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை துணிக் காலுறை. நடை நடையாகவே காடும் காவல் காக்கப்படுகிறது. குழுவின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ‘முன்னாள் வயணா பட்டை சேகரிப்போர்’ என்று இருக்கிறது. பழைய தொழிலை மறைக்காத அந்தத் தெனாவட்டுக்கு ஒரு சலாம்!

‘பலங்களைக் கண்டுபிடியுங்கள்’ என்று அமெரிக்காவில் பக்கிங்ஹாமும் கிளிஃப்டனும் புத்தகம் போட்டது 2001இல். பெரியாறு மூன்று வருஷம் முந்தி.

பணியிட நலம் என்றால் நம் கம்பெனிகள் யோகா வகுப்பு வைக்கின்றன. வயணாக்காரர்களுக்கு நலம் என்பது ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்குப் பயப்படாமல் தூங்குவது. திறமை அதேதான், அதற்கு முன்பு வழக்கு, இப்போது வருமானம்.

ஆனால் இதே காட்டில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 2002இல் தொடங்கிய வசந்தசேனை: முறைவைத்து, சிறுசிறு குழுவாகச் சந்தன மரங்களைக் காவல் காக்கும் உள்ளூர்ப் பெண்கள். அவர்களுடைய பலத்தையும் இலாகா சரியாகத்தான் கண்டுகொண்டது. பாராட்டுக்குக் குறைவில்லை, சம்பளம்தான் கிடையாது, தன்னார்வச் சேவை. ஆண்களின் திறமைக்குக் கூலி, பெண்களின் திறமைக்குச் சால்வை என்ற இந்தக் கணக்கு எனக்கு உறுத்துகிறது.

கூலிக் கணக்கு என்றால் மூணாறுக்குப் போயே ஆகவேண்டும். கம்பெனியில் பங்கு வைத்திருந்த பெண்களே 2015இல் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்கள் ஒற்றுமை, அடுத்த வாரம்.