அச்சு முறுக்கும் அச்சப்பமும்

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் ஒரே பலகாரத்திற்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ் பேசுவோர் அச்சு முறுக்கு என்பர். மலையாளம் பேசுவோர் அச்சப்பம் என்பர். கடல் கடந்து இலங்கைக்குச் சென்றால் அதுவே கொக்கிஸ். சித்திரைப் புத்தாண்டன்று சிங்களர் இல்லங்களில் கொக்கிஸ் இல்லாத பலகாரத் தட்டைக் காண்பது அரிது. அப்பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது என்பது பலர் கொள்கை. டச்சுக்காரர் 1656இல் கொழும்பையும் 1663இல் கொச்சியையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். எனவே இரு கரைகளிலும் ஒரே பலகாரம் இருப்பது வியப்பன்று. சுவீடன், ஈரான், மெக்சிகோ நாடுகளிலும் பூ வடிவ அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கும் வழக்கம் உண்டு. அங்கெல்லாம் கோதுமை மாவு; இங்கோ அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் எள்ளும்.

செய்முறை எளிதெனத் தோன்றும். ஆயினும் கைப்பழக்கமின்றி வாராது. அச்சினை முதலில் கொதிக்கும் எண்ணெயிலேயே காயவைத்தல் வேண்டும். பின்னர் முக்கால் பாகம் மட்டுமே மாவில் அமிழ்த்த வேண்டும். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. அச்சு போதிய சூடின்றி இருந்தால் மாவு அதனைப் பற்றாது. புதிய அச்சு பழகும் வரை முதற்சில முறுக்குகள் உடைந்தே தீரும்.

வீட்டுப் பலகாரம் தொழிலானதற்கு ஹவாய்த் தீவு ஒரு சான்று. கரும்புத் தோட்ட வேலைக்காக மதீராத் தீவினின்று போர்த்துக்கீசியர் 1878இல் பிரிசில்லா என்னும் கப்பலில் அங்கு வந்திறங்கினர். அவர்களைப் போன்று குடியேறியோர் கொண்டுவந்ததே மலசாதா; புளித்த மாவைப் பொரித்துச் சர்க்கரையில் புரட்டுவது. தவக்காலத்திற்கு முன்னர் வீட்டிலுள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்த்துவிடச் செய்யப்பட்டது அது. 1952இல் ஹொனலுலுவில் அடுமனை தொடங்கிய லெனார்ட் ரேகோ, தம் தாயார் சொற்படி அதனைக் கடையில் விற்றார். இன்று அத்தீவுக்குச் செல்லும் பயணிகள் அக்கடை முன் வரிசையில் நிற்கின்றனர்.

நம் பகுதியில் அச்சு முறுக்கு செய்யும் பெண்களுக்குக் கைத்திறனில் குறைவில்லை. முட்டுப்பாடு எண்ணெயில்தான். அச்சின் விலை சிறிது. வாணலி நிறைய ஊற்றும் எண்ணெயோ கிறிஸ்துமஸ் காலத்தில் கைமுதலை விழுங்கிவிடும். கடைக்காரர் பணம் தரும் வரை பொறுக்க இயலாமல் நாள்வட்டிக்கு வாங்குவோர் உளர். இலாபம் அங்கேயே கரைந்துவிடும் என்பது என் கருத்து. முத்ரா திட்டத்தின் சிசுப் பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெறலாம். மாவரைக்கும் பொறி, பொதியிடும் கருவி போன்றவற்றிற்கு, 2020இல் தொடங்கப்பெற்ற குறு உணவுத் தொழில் திட்டம் 35 விழுக்காடு மானியம் வழங்க வகை செய்தது. உச்ச வரம்பு 10 இலட்சம் ரூபாய்.

கடன் கேட்டு வருவோர், எந்தக் கடைக்கு எத்தனை பொட்டலம் கொடுத்தோம், பணம் எந்நாளில் வந்தது என்று எழுதிய குறிப்பேட்டையும் உடன் கொண்டுவருதல் நலம். அது பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டாயினும் குற்றமில்லை.