எச்சரிக்கை விளக்கு அணைந்திருந்தால் போதுமா?

பழைய கார் வாங்கக் கடன் கேட்டு வருவோர் பலரும், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியாததையே நற்சான்றாகக் கொள்கின்றனர். கடனுக்கான ஆவணங்களில் உரிமையும் காப்பீடும் தெரியும். எஞ்சினின் நலம் தெரியாது.

அவ்விளக்கை அணைப்பதோ மிக எளிது. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனை இணைப்பில் ஸ்கேனரைப் பொருத்திக் குறியீட்டை அழித்தால் போதும். பழுது அப்படியே இருக்கும். பி0301 எனில் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக்கை மாற்றினாலே சில வேளை தீரும். பி0420 எனில் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் குன்றியிருக்கலாம். அதை மாற்ற நேர்ந்தால் சில மாதத் தவணைக்கு ஈடான செலவு.

ஆனால் அழித்தவர் தடயம் விட்டே செல்கிறார். குறியீட்டோடு, வண்டி தன்னைத்தானே சோதித்த முடிவுகளும் அழிகின்றன. ஸ்கேனரின் 'ரெடினஸ்' பக்கத்தில் பல சோதனைகள் முடிவுறாதவையாகத் தோன்றும். குறியீடு அழிக்கப்பட்டபின் ஓடிய கிலோமீட்டரையும் பல கார்கள் காட்டும். அது வெறும் 12 எனில், விற்பவரிடம் காரணம் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் இவ்வாறு நேரலாம் என்பதால் உடனே ஐயுற வேண்டியதில்லை. நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் சில நாள் ஓட்டச் செய்து, சோதனைகள் நிறைவுற்றபின் மீண்டும் ஸ்கேன் செய்யுங்கள். முன்பணம் அதுவரை உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.