வறண்ட பாதங்களுக்கு ஓர் எண்ணெய்



அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தியபோது, உரோமாபுரியோடு நடந்த வாணிபத்தில் வந்திறங்கிய சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. பெரும்பாலானவை திராட்சரசச் சாடிகள். ஒலிவ எண்ணெய் வந்த சாடிகளும் உண்டு என்று பிற்கால ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். நல்ல சமாரியன் காயத்தில் வார்த்த அதே இரண்டு பொருள்கள்! எண்ணெய் தோலுக்கு இதமானது என்பதை அக்கால மக்களும் அறிந்திருந்தார்கள். இன்று அந்த எண்ணெயின் இடத்தில் வந்திருக்கும் செயற்கைப் பொருள் ஒன்றைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

உங்கள் வீட்டிலுள்ள முகக் கிரீம் அல்லது லோஷன் குப்பியின் பின்புறத்தைப் பாருங்கள். பலவற்றில் 'ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட்' என்ற பெயர் இருக்கும். பெயர்தான் பயமுறுத்துகிறது, அதன் ஒரு பாதி நமக்குப் பழக்கமானதே. மிரிஸ்டிக் அமிலம் முதலில் ஜாதிக்காயின் கொழுப்பில் கண்டறியப்பட்டது. ஜாதிக்காய் மரத்தின் தாவரவியல் பெயரிலிருந்தே அதற்குப் பெயரும் வந்தது. நம் தேங்காய் எண்ணெயிலும் நூற்றுக்கு 16 முதல் 21 பங்கு வரை அது இருக்கிறது. தனியே எடுத்தால் மெழுகுபோல் கெட்டியானது. அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுடன் சேர்த்து வினைபுரியச் செய்யும்போது நீர் பிரிந்து, நிறமும் மணமுமற்ற மெல்லிய எண்ணெய் கிடைக்கிறது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், இது உறையாது. எளிதில் சிக்கடிப்பதுமில்லை. பிசுபிசுப்பின்றித் தோலில் பரவுவதால் அழகுசாதனக் கம்பெனிகள் இதை விரும்புகின்றன. (முகப்பரு உள்ளவர்களுக்கு இது ஒத்துக்கொள்வதில்லை என்பதை நம் இளம் வாசகர்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.)

கிரீம் தோலுக்கு ஊட்டம் தருகிறது என்று விளம்பரங்கள் சொல்லும். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் போன்றது; செல்கள் செங்கல், இடையிலுள்ள கொழுப்பு சாந்து. சாந்து உதிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறித் தோல் வெடிக்கும். இத்தகைய எண்ணெய்கள் அந்த இடுக்குகளை நிரப்பி ஈரம் போவதைத் தாமதப்படுத்துகின்றன. அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவு' தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கு மிகப் பெரிது. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. வியர்வை ஒன்றே அதை ஈரமாக வைக்கிறது. தொழுநோய் நரம்பைத் தாக்கும்போது உணர்ச்சி மட்டுமல்ல, வியர்வையும் நின்றுபோகிறது. பாதம் கோடைக்கால ஏரிபோல் பாளம் பாளமாக வெடிக்கிறது. வலி தெரியாததால் அந்த வெடிப்போடே நடக்கிறார்கள். கிருமி புகுந்து, புண் எலும்புவரை இறங்கி, சில வேளைகளில் காலையே எடுக்க நேரிடுகிறது. விரல்கள் நோயினால் அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற உறுப்பு அடிபட்டே அழிகிறது என்பதை வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். இறந்த நரம்பை உயிர்ப்பிக்காது. இந்தியாவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு இலட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது.

இவர்களுக்குக் கற்றுத்தரப்படும் பராமரிப்பு எளியது. தினமும் 15 முதல் 20 நிமிடம் சாதாரண நீரில் காலை ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது; சுட்டாலும் தெரியாது. தடித்த தோலை மெதுவாகத் தேய்த்தெடுத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் பூச வேண்டும். ஊறாத காலில் எவ்வளவு பூசினாலும் பயன் குறைவே, ஏனெனில் உள்ளே அடைத்துவைக்க ஈரமில்லை.

எதைப் பூசுவது? ஈரத்தைக் காப்பதில் வாசலினுக்கு ஈடாக ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட்டைச் சொல்ல முடியாது. ஆனால் வாசலின் பூசிய காலில் கடற்கரை மணல் ஒட்டும். அதனாலேயே பூசுவதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இலேசான எண்ணெய் கலந்த கிரீம் அவர்களுக்கு உதவும். விலை கட்டாதவர்களுக்கு லிக்விட் பாரஃபினும் தேங்காய் எண்ணெயும் தாராளமாகப் போதும். ஆகவே நோயாளிகளுக்கென விலையுயர்ந்த வெளிநாட்டுக் கிரீம் அனுப்ப நினைக்கும் அன்பர்கள், அந்தப் பணத்தில் உள்ளூர் மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் வாங்கித் தந்தால் பலருக்குப் பல நாள் வரும்.

ஓர் எச்சரிக்கை. இத்தகைய எண்ணெய்கள் ஊறிக் காய்ந்த துணி எளிதில் தீப்பற்றி வேகமாக எரியும். பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் பாரஃபின் இல்லாத கிரீம்களுக்கும் இந்த எச்சரிக்கையை விரிவுபடுத்தியது. எண்ணெய் படிந்த சேலையோடும் கட்டுத்துணியோடும் அடுப்பருகே உட்கார வேண்டாம் என்று, பாட்டிலைக் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுங்கள்.